மேருப் பிரத்தாரமும் நிகழ்தகவுக் கணிதமும்

வேலணைத் தீவிலே சாட்டிக் கடற்கரையின் வெண்மணலில் நான்கு சோகிகளை ஒருங்கே எறிவதாகக் கொள்வோம். அவற்றுள் இரண்டு வாய் மேனோக்கியும், ஏனைய இரண்டு வாய் கீழ்நோக்கியும் விழுதற்குரிய தகவு யாது? உயர்தர வகுப்பில் வரிசைமாற்றமும் சேர்மானமும் கற்ற மாணாக்கன் இதற்கு விடை கூறத் தாமதியான். ஒரு சோகி விழும் வகை இரண்டு. ஆகவே நான்கு சோகிகள் விழும் வகை இரண்டை நான்குமுறை பெருக்கப் பதினாறு. நான்கனுள் மேனோக்க வேண்டிய இரண்டைத் தெரிந்தெடுக்கும் வகையோ, நான்கை மூன்றாற் பெருக்கி இரண்டால் வகுக்க ஆறு. எனவே தகவு 6/16, அஃதாவது 3/8 என்பான் அவன்.

இவ்விடையை அவன் ஒரே மூச்சிற் கூறிவிடினும், அதனுள் இரண்டு செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று எண்ணல், மற்றொன்று எண்ணியதை முழுத்தொகையோடு ஒப்பிட்டுப் பங்காக உரைத்தல். முன்னையது பாரத நாட்டில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயின்று வந்த கலை. பின்னையது முறையானதொரு கணிதமாக 1654ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் இருவர் தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்களிற் பிறந்தது. நிகழ்தகவுக் கணிதம் முழுவதும் நம் முன்னோர் கண்டதே என மேடைகளில் முழங்குவாரும் உளர். சேர்மானக் கணக்கே மேனாட்டார் தந்த கொடை எனப் பாடநூல் ஒன்றையே பற்றிக்கொண்டு உரைப்பாரும் உளர். இருசாரார் கூற்றும் வரலாற்றோடு பொருந்துவதன்று. எண்ணுங் கலை இங்கு எத்துணைத் தூரம் சென்றது, எவ்விடத்தில் நின்றது, ஏன் நின்றது என்பனவே ஆராயத்தக்கவை.

எண்ணுங் கலைக்குத் தாய்வீடு யாப்பிலக்கணம். வடமொழியில் எழுத்துக்கள் குறிலாகிய லகு, நெடிலாகிய குரு என இருவகைப்படும். இத்தனை எழுத்துக் கொண்ட அடியில் லகுவும் குருவும் எத்தனை விதமாக அமையலாம் என்ற வினாவைப் பிங்கலர் தமது சந்தச் சூத்திரத்தில் எழுப்பினார். அவ்வகைகள் அனைத்தையும் ஒன்றும் விடாது வரிசையாக எழுதிக் காட்டுதலே பிரத்தாரம் எனப்படும். பத்தாம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை வகுத்த ஹலாயுதர், இதனை மலையுருவான கட்டங்களால் விளக்கினார். உச்சியில் ஒரு கட்டம், அதன்கீழ் இரண்டு, அதன்கீழ் மூன்று எனக் கட்டங்களை அடுக்குக. ஓரக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒன்று எழுதுக. இடைக் கட்டம் ஒவ்வொன்றிலும் அதன் தலைமேல் உள்ள இரண்டு கட்டங்களின் கூட்டுத்தொகையை எழுதுக. ஐந்தாம் வரிசைக்கு வரும்போது 1, 4, 6, 4, 1 என்னும் எண்கள் கிடைக்கும். நாலெழுத்து அடியிலே குரு ஒன்றுமின்றி வருவது ஒன்று, ஒரு குரு வருவன நான்கு, இரு குரு வருவன ஆறு என்பது இதன் பொருள். இதுவே மேருப் பிரத்தாரம். மேனாட்டுப் பாடநூல்கள் பஸ்கால் முக்கோணம் என்று வழங்குவதும் இதனையே.

தமிழ் யாப்பும் இவ்வழியிலேயே நடைபெறுகின்றது. நேர், நிரை என அசை இரண்டு. ஓரசைச் சீர் இரண்டு, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. ஆகச் சீர் முப்பது என்பது யாப்பருங்கலக்காரிகை பயிலும் சிறுவரும் அறிந்ததே. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் நான்கையும் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்னும் நான்கோடு உறழ்ந்தால் பதினாறு வாய்பாடுகள் வந்து முடியும். இப்பதினாறனுள் நேர் இரண்டும் நிரை இரண்டும் விரவியன எத்தனை என வினவின், தேமாநறுநிழல், புளிமாநறும்பூ, புளிமாந்தண்ணிழல், கூவிளநறும்பூ, கூவிளந்தண்ணிழல், கருவிளந்தண்பூ என ஆறே உள. சாட்டி மணலில் எறிந்த சோகிகளுக்குக் கண்ட ஆறும், மேருவின் ஐந்தாம் வரிசை நடுவில் நின்ற ஆறும் இவ்வாறே. வாய்பாட்டை மனனம் பண்ணிய புலவர், தாம் கணிதம் செய்கின்றோம் என எண்ணியிரார். ஆயினும் செய்தது கணிதமே.

யாப்பிற் பயின்ற இம்முறை பிற துறைகளுக்கும் பரவிற்று. சுசுருதரின் மருத்துவ நூல் ஆறு சுவைகளைத் தனித்தும் கூட்டியும் 63 வகையாகப் பகுக்கின்றது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகத் சங்கிதையில் நறுமணப் பொருள்கள் பதினாறனுள் நான்கு நான்காகத் தெரிந்து கூட்டும் வகை 1820 எனக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டிலே இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணப் பெரியார் மகாவீரர், கணித சார சங்கிரகத்தில் எத்தனை பொருளுள்ளும் எத்தனையைத் தெரிந்தெடுத்தற்கும் ஏற்ற பொது விதியை உரைத்தார். அந்நூலை ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1912இல் சென்னையில் அச்சேறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இசையின் ஏழு சுரங்களை வரிசை மாற்றி 5040 கண்டார். இவையெல்லாம் ஒரே வித்தின் கிளைகள்.

ஆயினும் இத்துறையில் தலைநின்றவர் பாஸ்கராசாரியாரே. 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் அவர் தரும் எடுத்துக்காட்டுகள் கணிதத்தை விளையாட்டாக்குவன. எட்டு வாயில் கொண்ட மாளிகையில் ஒன்று, இரண்டு, மூன்று என வாயில்களைத் திறந்து வைக்கும் வகை 255 என்பார் ஓரிடத்தில். பிறிதோரிடத்தில் சிவபெருமானின் பத்துக் கரங்களிலும் சூலம், உடுக்கை, கபாலம், பாசம், அங்குசம் முதலாய பத்துப் படைகளை மாற்றி மாற்றி ஏந்தச் செய்தால் எத்தனை திருவுருவங்கள் தோன்றும் என வினவி, 3628800 என விடை காண்பார். திருமாலின் நான்கு கரங்களில் சங்கு, சக்கரம், கதை, தாமரை என்பன மாறி வருதல் இருபத்துநான்கு. ஒன்று முதலாகத் தொடர்ந்து பெருக்கும் பெருக்கத்தை இதனினும் இனிதாக விளக்குதல் அரிது. பாடநூல் எழுதுவோர் நிறப் பந்துகளையும் சொல்லெழுத்துக்களையுமே சுற்றிச் சுற்றி வருவதன் காரணம் விளங்கவில்லை.

எனினும் ஒன்று கருதத்தக்கது. பாஸ்கராசாரியாரின் இக்கணக்குகளில் ஒன்றிலேனும், இன்னது நிகழும் தகவு யாது என்ற வினா எழவில்லை. மாளிகையின் வாயில்கள் எவ்வாறு திறந்திருக்கலாம் என்பது வினாவே அன்றி, வழிப்போக்கன் ஒருவன் வந்து காணும்போது எவ்வாறு திறந்திருக்கும் என எதிர்பார்க்கலாம் என்பது வினாவன்று.

சூதாட்டம் இந்நாட்டிற் பயிலாத ஒன்றாயின் இதற்குக் காரணம் எளிதிற் கிடைத்துவிடும். அதுவோ இருக்கு வேத காலந்தொட்டே பயின்றது. அக்காலத்துச் சூதுக்காய் தான்றிக்காய். வாரி எறிந்த காய்களின் தொகையை நான்கால் வகுத்து, மிச்சத்தைக் கொண்டு வெற்றி தோல்வி கண்டனர் என்பது ஜெர்மானிய அறிஞர் லூடர்ஸ் 1907இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிபு. நளன் கதையின் ஒரு பகுதி இதனாற் புத்தொளி பெறுகின்றது. பாகனாய் வந்த நளனுடன் தேரிற் செல்லும் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றிமரம் ஒன்றைக் கண்ட அளவில், அதன் இரு கிளைகளிலும் ஐந்து கோடி இலைகளும் 2095 காய்களும் உள்ளன என்று உரைப்பதாக மகாபாரதம் கூறும். நளன் வியந்து, மரத்தை வீழ்த்திக் காய்களை எண்ணிப் பார்க்கத் தொகை சரியாகவே இருந்தது. சூதின் உட்பொருளும் எண்ணின் திறமும் தனக்குக் கைவந்தவை என்ற இருதுபன்னன், அவ்வித்தையைத் தந்து நளனிடமிருந்து குதிரை நூலைப் பெறுகின்றான். எண்ணும் மரம் தான்றியாகவே அமைந்தது தற்செயலன்று. காய்களின் தொகையை ஒரு நோக்கில் அறிவோனே அவ்வாட்டத்தில் வெல்வோன் ஆதலின், சூதும் எண்ணும் ஒரே வித்தையாயின. 1975இல் நிகழ்தகவின் தோற்றம் பற்றி நூல் எழுதிய இயன் ஹாக்கிங் என்பாரும் இக்கதையை எடுத்துக்காட்டி வியந்துள்ளார். ஆயினும் இருதுபன்னன் அறிந்தது, விழுந்துவிட்ட காய்களை விரைந்து எண்ணும் வித்தை. விழப்போகும் காய்களைப் பற்றிய கணிதம் அதனின் வேறானது.

சூதை விடுத்து, கடலின் இடுக்கண்ணைப் பற்றி நம் முன்னோர் எண்ணியவாற்றை அறியச் சாட்டிக்கு அயலிலேயே ஒரு கல் நிற்கின்றது. சாட்டியினின்று புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, ஆங்குப் படகேறினால் நயினாதீவு. நாகபூஷணி அம்பாள் ஆலயத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்து 1963இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பரதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் எனவும், அவர்கட்குப் பாதுகாப்பு உண்டு எனவும் கூறும் அவ்வாணை, கப்பல் உடைந்து கரையொதுங்கினால் பொருளைப் பங்கிடும் முறையையும் வகுக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் கெட்டதாயின், நாலில் ஒருபங்கு பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவந்த கப்பல் கெட்டதாயின், செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. சாட்டியும் அதே தீவினது.

லீலாவதி எழுந்து மூன்றே ஆண்டில் அரியணை ஏறிய மன்னனின் ஆணை இது. எண்ணுங் கலை முற்றுப்பெற்ற காலமும், கடல்வினையின் இழப்பைப் பின்னமாகப் பங்கிட்ட காலமும் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று அறிந்தில. நாலில் ஒன்று என்பதும் செம்பாகம் என்பதும், இத்தனை கப்பலுள் இத்தனை கெடும் என எண்ணிக் கண்ட பங்குகள் அல்ல. யானை குதிரைகள் அரசனின் படைக்கு இன்றியமையாதன ஆதலின், அவற்றைக் கொணர்வோரை ஊக்குதல் கருதி அரசன் வைத்த சலுகை எனவே கொள்ளத் தகும். பங்கு ஆணையாற் பிறந்தது, கணக்காற் பிறந்ததன்று.

இனி மேனாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். அங்கும் தொடக்கத்தில் வினா பங்கீட்டைப் பற்றியதே. இருவர் பணம் வைத்து ஆடுகின்றனர். ஆட்டம் இடையில் நின்றுவிடுகின்றது. பணத்தை எவ்வாறு பகிர்தல் வேண்டும்? 1494இல் இத்தாலியரான பாச்சியோலி, அதுவரை வென்ற ஆட்டங்களின் விகிதத்திற் பகிர்க என்றார். 1556இல் தார்த்தாலியா அதனை மறுத்து, இது கணிதத்தால் தீர்வதைவிட நீதிமன்றில் தீர்வதற்கே உரிய வழக்கு என்றார். இவ்விடத்தில் தார்த்தாலியாவும் நயினாதீவுக் கல்வெட்டும் ஒரே நிலையில் நிற்கின்றனர் எனலாம்.

அந்நிலையை மாற்றியவர்கள் பஸ்காலும் பெர்மாவும். 1654ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் தேதியிட்ட கடிதத்தில் பஸ்கால் எடுத்துக்கொண்ட கணக்கு இது. இருவரும் தலைக்கு 32 பொற்காசு வைத்தனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவனுக்கே 64 காசும். ஒருவன் இரண்டும் மற்றவன் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றது. அடுத்த ஆட்டத்தை முன்னவன் வென்றால் 64உம் அவனுக்கு. தோற்றால் இருவரும் சமமாகி 32 அவனுக்கு. ஆகவே 32 எவ்வாற்றானும் அவனுடையது. எஞ்சிய 32இல் பாதிக்கும் அவன் உரியவன். அவன் பங்கு 48, மற்றவன் பங்கு 16. பெர்மாவோ எண்ணியே இதனைக் கண்டார். மிஞ்சினால் இன்னும் இரண்டு ஆட்டங்களில் முடிவு தெரியும். இரண்டு ஆட்டங்கள் நிகழும் வகை நான்கு. அவற்றுள் மூன்றில் முன்னவன் வெல்வான். ஒன்றில் மட்டும் பின்னவன். பஸ்கால் பின்னர் எண்முக்கோணம் பற்றிய தம் நூலில், எத்தனை ஆட்டம் எஞ்சியிருப்பினும் பங்கினை அம்முக்கோணத்தின் வரிசை கொண்டே காணலாம் எனக் காட்டினார். இங்கு வேண்டுவது 1, 2, 1 என்னும் வரிசை. ஹலாயுதர் ஈரெழுத்து அடிக்கு எழுதிய மூன்றாம் வரிசையும் இதுவே. நயினாதீவுக் கல்லிலும் பஸ்கால் கடிதத்திலும் பங்கு மூன்றும் ஒன்றுமாகவே வருதல் வெறும் ஒற்றுமை. அதற்கு மேல் அதிற் பொருள் காணுதல் கூடாது. ஆயினும் ஓர் எண்ணை அரசன் விதிப்பதற்கும், அதே எண்ணை ஆடுவோன் தன் உரிமையென நிறுவுதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இப்புதுக் கணிதத்தை முதலில் அச்சு நூலாக்கியவர் ஒல்லாந்தரான ஹைகன்ஸ். அவரது சிறு நூல் 1657இல், தம் ஆசிரியர் வான் ஸ்கூட்டன் வெளியிட்ட கணித நூலின் பகுதியாக லைடன் நகரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டாகிய 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டிய அவர்கள், வேலணைத் தீவை லைடன் என்றே அழைத்தனர். நிகழ்தகவு நூல் பிறந்த நகரின் பெயரைச் சாட்டிக் கரை இவ்வாறு சுமந்தது. 1671இல் ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் யான் டி விட், ஆயுட்கால உதவிப்பணத்தின் விலையை இக்கணிதத்தாற் கணித்து அரசுக்கு அறிக்கை தந்தார். பெயர் கடல் கடந்து வந்ததேயன்றிக் கணிதம் வரவில்லை. அது இங்கு வந்தது மிகப் பின்னர், ஆங்கிலக் கல்வியோடு.

இனி, எண்ணல் இங்கே தகவாக மாறாதது ஏன்? சூதைப் பெரியோர் கடிந்தமையே காரணம் என்பர் சிலர். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு என்பது மெய். ஆனால் ஐரோப்பியத் திருச்சபையும் அதனைக் கடிந்தே வந்தது. அங்கு அக்கணிதம் பிறக்கத் தடையில்லையே. காரணம் எண்ணலின் நோக்கத்திலேயே உள்ளது. புலவர் வகுத்த பட்டியல், இயலக்கூடியன எவை என்பதன் பட்டியல். அவை ஒத்த தகவுடையனவா என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. பதினாறு நாலசைச் சீர்களும் வாய்பாட்டில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வெண்பாவில் நாலசைச் சீர் வருதல் இல்லை. ஆசிரியத்திலும் அருகியே வரும். செய்யுளில் எந்தச் சீர் வரும் என்பதை ஓசையும் தளையும் புலவன் உள்ளமும் தீர்மானிக்கின்றன; கைவிட்டு எறியும் சோகி தீர்மானிப்பதன்று. ஆகவே முப்பதனுள் ஒன்று என்ற பின்னத்துக்கு யாப்பில் ஒரு பொருளும் இல்லை. சுவை அறுபத்துமூன்றும் அவ்வாறே. வைத்தியன் நோய்க்கேற்பத் தெரிகின்றான், குலுக்கி எடுப்பதில்லை. தெரிவோன் ஒருவன் உள்ள இடத்தில் தகவுக்கு வேலை இல்லை.

ஒத்த தகவு என்னும் இக்கருத்து மேனாட்டாருக்கும் எளிதில் வாய்த்ததன்று. மூன்று கவறுகளை எறியுங்கால் ஒன்பது என்னும் கூட்டுத்தொகை ஆறு சேர்மானங்களால் வரும்; பத்தும் ஆறு சேர்மானங்களாலேயே வரும். ஆயினும் பத்தே சற்று மிகுதியாக விழுவதைக் கண்டு ஆடுவோர் மயங்கினர். கலிலியோ மயக்கத்தைத் தீர்த்தார். சேர்மானங்களை வரிசை மாற்றங்களாக விரித்தால், 216 வகையுள் ஒன்பதுக்கு 25உம் பத்துக்கு 27உம் உள்ளன என்றார். நூறாண்டு கழிந்த பின்னும், 1754இல், பெருங் கணித அறிஞரான தலம்பேர் இடறினார். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டி, ஒருமுறையேனும் தலை விழும் தகவு 2/3 என எழுதினார். சரியான விடை 3/4. முதற் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது எனக் கொண்டு, மூன்று முடிவுகளையும் ஒத்தனவாக எண்ணியதே பிழை. நான்கு சோகிகளில் மேனோக்குவன பூச்சியம் முதல் நான்குவரை ஐந்து வகை ஆதலின், இரண்டு மேனோக்கும் தகவு 1/5 என்று எழுதும் மாணாக்கனும் தலம்பேர் இடறிய இடத்திலேயே இடறுகின்றான். அவனை எள்ளுதல் வேண்டா. பதினாறு வகையையும் ஒருமுறை அவன் கையாலேயே எழுதச் செய்தல் போதும்.

அவ்வாறு எழுதிய பின்னும் சோகியைப் பற்றி ஓர் ஐயம் எஞ்சும். நாணயத்துக்கு இருபுறமும் ஏறத்தாழ ஒன்று. சோகிக்கோ ஒருபுறம் குவிந்த முதுகு, மறுபுறம் பிளந்த வாய். இரண்டும் ஒத்த தகவின என்பதற்கு ஆதாரம் என்ன? ஒன்றுமில்லை. மேலே கூறிய 3/8 என்ற விடை, ஒத்தன எனக் கொண்டதனாற் கிடைத்த விடையே. பல்கால் எறிந்து எண்ணிப் பார்த்தால் உண்மைத் தகவை வேண்டிய அளவு நெருங்கலாம் என்பதனை யாக்கோப்பு பெர்னூலி நிறுவினார். அவர் இறந்த பின் 1713இல் அந்நூல் வெளிவந்தது. சாட்டி மணலில் ஒரு சோகியைப் பன்முறை எறிந்து, ஐந்துக்கு இரண்டு வீதம் அது வாய் மேனோக்கி விழக் கண்டதாகக் கொள்வோம். அப்போது நான்கு சோகிகளுள் இரண்டு மேனோக்கும் தகவு, 4/25ஐயும் 9/25ஐயும் பெருக்கி, அதனை ஆறாற் பெருக்க வருவது, அஃதாவது 216/625. 3/8 மாறிவிட்டது. மேருவின் ஐந்தாம் வரிசையிலிருந்து வந்த ஆறு மட்டும் மாறவில்லை.